அம்மாவின் சிறுநீரில் கீற்றோன்: பயப்பட வேண்டுமா, சந்தோசப்பட வேண்டுமா?

மல்லாவியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 58 வயது, ஒன்பது வருடமாக நீரிழிவு. மெற்போமின், கிளிக்ளசைட் என்ற இரண்டு சீனிக் குளிசைகள் எடுக்கிறார். இந்த முறை கந்தசஷ்டிக்கு இரவில் மட்டும் கொஞ்சம் பாலும் பழமும் எடுத்து விரதம் இருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் கிளினிக்கில் சிறுநீர் பார்த்தபோது கீற்றோன், அதாவது சாப்பாடு குறையும்போது ஈரல் கொழுப்பில் இருந்து செய்கிற பொருள், ஒரு பிளஸ். தாதி, "சீனி வருத்தக்காரர் இப்படிப் பட்டினி கிடக்கலாமோ அம்மா?" என்று ஏசி அனுப்பினாராம். கனடாவில் இருக்கிற அண்ணா இதைக் கேட்டுவிட்டு, "கீற்றோன் நல்ல சாமான், மூளைக்குக் குளுக்கோஸைவிட நல்ல எரிபொருள், அம்மா சோற்றை விட்டுக் கீற்றோ சாப்பாட்டுக்கு, அதாவது மாச்சத்தை மிகக் குறைத்த சாப்பாட்டுக்கு, மாறட்டும்" என்று சொல்லி, கீற்றோன் தூள் ஒரு டின் அனுப்பியிருக்கிறார். தேங்காயெண்ணெயும் தினம் இரண்டு கரண்டி குடிக்கட்டாம். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கீற்றோன் இல்லை, கிளிக்ளசைட். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கீற்றோன் என்றால் என்னவென்று விளங்கினால்தான் மற்றது விளங்கும். வன்னியில் இருபது வருடத்துக்கு மேலாக நீரிழிவு கிளினிக்குகளில் இருந்து பார்த்தவன் என்ற அளவில் சொல்கிறேன்.

உடம்பு சக்தியை இரண்டு இடத்தில் சேர்த்து வைக்கிறது. ஒன்று ஈரலில் இருக்கிற கிளைக்கோஜன், ஏறக்குறைய 100 கிராம். அதை அடுப்படியில் இருக்கிற அரிசிப் பானை என்று வையுங்கள். கை விட்டு உடனே எடுக்கலாம், ஆனால் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பானை அடி தெரியும். தசையில் இதைப்போல நான்கு மடங்கு இருக்கிறது. ஆனால் தசை அதைத் தன் வேலைக்கே வைத்துக்கொள்ளும், வெளியே கொடுக்காது. மற்றது கொழுப்பு. அது கொம்பறையில் கொட்டி வைத்த நெல். மெலிந்த ஆளிடம்கூட ஒரு மாதத்துக்கு மேல் தாங்கக்கூடிய அளவு இருக்கும். ஆனால் நெல்லை அப்படியே உலையில் போட முடியாதே.

அந்தச் சிக்கல் மூளைக்குத்தான். மூளை எங்கள் எடையில் 2 சதவீதம். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் 20 சதவீதத்தை அது எடுக்கிறது. நாளுக்கு 100 முதல் 120 கிராம் வரை குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பமிலம் இரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் மூளை அதை எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை என்றே சொல்லலாம். கொழுப்பைக் குளுக்கோஸாக மாற்றலாமா என்றால், அதிலுள்ள கிளிசரோல் என்ற சிறு பகுதியைத் தவிர மற்றதை மாற்ற முடியாது. ஆகவே பானை காலியானதும் மூளைக்குச் சோறு போட உடம்புக்குத் தெரிந்த வழி, தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்வதுதான். அது மட்டும்தான் வழியென்றால் பட்டினி கிடக்கிறவர் மிகச் சீக்கிரம் கைகால் அசைக்க முடியாமல் விழுந்துவிடுவார்.

இங்கேதான் ஈரல் அந்த நெல்லைக் குத்திக் கொடுக்கிறது. கொழுப்பமிலத்தை உடைத்து, இரத்தத்தில் கரைந்து மூளைக்குள் போகக்கூடிய சிறு மூலக்கூறுகளாக்குகிறது. அவைதான் கீற்றோன் உடல்கள். தமிழ்நாட்டில் கீட்டோன் என்று எழுதுவார்கள். அசற்றோஅசற்றேற், பீற்றா ஹைட்ரொக்சிபியூற்றிரேற், அசற்றோன் என்று மூன்று. எரிபொருளாவது முதல் இரண்டும்தான். மூன்றாவது, முதலாவது தானாக உடைவதால் உண்டாவது, மூச்சோடும் சிறுநீரோடும் போய்விடும். விரதகாலத்தில் வாயில் வருகிற ஒருவகைப் பழ மணம் அதனுடையது. இன்னொன்று, ஈரல் இவற்றைச் செய்தாலும் தான் எரிக்க முடியாது. எரிக்கத் தேவையான நொதி அதனிடம் இல்லை. முழுவதும் மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும்தான் போகிறது. எனக்கு இதைப் படித்த நாளில் இருந்து ஈரல்மேல் ஒரு தனி மரியாதை.

வன்னி ஆட்களுக்கு மாற்று எரிபொருளைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைக்காது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஆறிக் கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால், சிறு போத்தலில் வைத்திருக்கிற கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் கொஞ்சப் பெற்றோல் இல்லையென்றால் தாங்கி நிறைய மண்ணெண்ணெய் இருந்தும் பிரயோசனமில்லை. மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். 1967 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஒலிவர் ஓவன், ஜோர்ஜ் கேஹில் ஆகியோர், எடை குறைப்பதற்காக ஐந்தாறு வாரம் மருத்துவமனையில் உண்ணாமல் இருந்த மூன்று பேரின் மூளைக்குப் போகிற இரத்தத்தையும் அங்கிருந்து வருகிற இரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளையின் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட கீற்றோனாக மாறியிருந்தது. மூளை குளுக்கோஸ் மட்டுமே எரிக்கும் என்று அதுவரை இருந்த நம்பிக்கை அதோடு போனது. ஆனால் மிச்சப் பங்கு அப்போதும் குளுக்கோஸ்தான். சிவப்பணுக்களுக்கோ எப்போதும் குளுக்கோஸ் மட்டும்தான்.

இதனால் காப்பாற்றப்படுவது தசை. பட்டினியின் முதல் நாட்களில் நாளுக்கு 75 கிராம் அளவு புரதம் கரைகிறது. சில வாரங்களில், கீற்றோன் நன்றாக ஏறிய பிறகு, அது 20 கிராமுக்கு இறங்கிவிடும் என்று கேஹிலின் கணக்குகள் காட்டின.

இதை எழுதும்போது 2009 இல் முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உப்பும் தண்ணீரும் அரிசியும் மட்டும் போட்ட அந்தக் கஞ்சியைத்தான் ஒவ்வொரு மே மாதமும் கோப்பையில் வாங்கிக் குடித்து நினைவுகூர்கிறோம். அந்தக் கஞ்சி உடம்புக்கு என்ன செய்தது என்று விளங்க ஒரு பழைய ஆராய்ச்சி உதவும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஜேம்ஸ் கேம்பிள் என்ற அமெரிக்க வைத்தியர், கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிப்பவருக்கு என்ன உணவு கொடுத்து வைப்பது என்று ஆராய்ந்தார். நாளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தாலே உடம்புப் புரதம் கரைவது பாதியாகக் குறைகிறது, கீற்றோனும் அடங்குகிறது என்று கண்டார். 130 கிராம் பச்சையரிசியில் ஏறக்குறைய அவ்வளவு மாச்சத்து இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் ஒருவருக்கு அந்தளவு அரிசி நாளும் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த கொஞ்சம் தசையைக் காத்தது. குறைந்ததற்கு அந்த உடம்புகள் தங்கள் கொழுப்பில் இருந்து கீற்றோன் செய்து மூளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. பால்குடிப் பிள்ளைகளுக்கும் அதுதான் நடந்தது. பிறந்த குழந்தையின் மூளை கீற்றோனை எரிப்பதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரன். அண்ணா சொல்கிற "நல்ல எரிபொருள்" இதுதான். பசிக்காலத்துக்கென்று உடம்பில் வைக்கப்பட்ட ஏற்பாடு.

அப்படியானால் தாதி ஏன் பயப்பட்டார்?

ஏனென்றால் கொம்பறையின் திறப்பு இன்சுலினிடம் இருக்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், கொழுப்பை உடைக்காதே என்று சொல்லும், கீற்றோன் நிற்கும். பட்டினியில் இன்சுலின் குறையும், ஆனால் முற்றாக இல்லாமல் போகாது. கீற்றோன் அளவுக்கு மிஞ்சினால் அதுவே கொஞ்சம் இன்சுலினைச் சுரக்கவைத்துத் தன்னைத்தான் அடக்கிக்கொள்ளும். ஆகவே பட்டினி எவ்வளவு நீண்டாலும் பொதுவாக இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 5, 7 மில்லிமோல் என்ற அளவோடு நிற்கும். இரவு சாப்பிட்டுக் காலையில் எழும்புகிற உங்களுக்கும் எனக்கும் அது 0.5 க்குக் கீழே. கீற்றோ சாப்பாட்டுக்காரருக்கு 0.5 முதல் 3 வரை.

இன்சுலினே இல்லாதவருக்கு இந்தக் கடிவாளம் இல்லை. முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளை ஊசியைத் தவறவிட்டால், அல்லது இரண்டாம் வகைக்காரருக்கே கடும் காய்ச்சல், கிருமித்தொற்று, மாரடைப்பு என்று வந்து இன்சுலின் போதாமல் போனால், கொம்பறை திறந்தது திறந்தபடி கிடக்கும். கீற்றோன் 10, 15, 20 என்று ஏறும். கீற்றோன் அமிலம். இரத்தத்தின் கார அமிலச் சமநிலை குலையும். அதுதான் நீரிழிவுக் கீற்றோஅமிலத்துவம். விட்டால் உயிர் போகும். தாகம், அடிக்கடி சிறுநீர், பிறகு சத்தி, வயிற்றுக்குத்து, ஆழமாக வேகமாக இழுத்து இழுத்து விடுகிற மூச்சு, மயக்கம் என்று போகும். இங்கே இதை எல்லோரும் வயிற்று வருத்தம் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை இரண்டு நாள் காஸ்ரிக் குளிசையோடு வீட்டில் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் நினைவில்லாமல் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு நீரிழிவு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு துளி இரத்தத்தில் சீனி பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை பிழைத்தது. அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒரு பிள்ளை மெலிந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, சத்தியும் எடுத்தால், முதலில் சீனியைப் பாருங்கள். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சீனி கூடாமலேயே இந்த ஆபத்து வரக்கூடிய இடங்களும் உண்டு. எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் என்ற புதுக் குளிசைகள் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் அவற்றை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தாலோ, மாச்சத்தை முற்றாக விட்டாலோ, இரத்தச் சீனி சாதாரணமாகக் காட்டும்போதே அமிலத்துவம் வரலாம். 2015 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. அம்மாவின் கொப்பியில் இந்தப் பெயர்கள் இல்லை என்பது ஆறுதல். நாளைக்கு எழுதிக்கொடுத்தால் விரதத்தைப் பற்றிச் சொல்ல மறக்க வேண்டாம்.

அடுத்தது கசிப்பு. சாப்பாடில்லாமல் நாள்கணக்காகக் குடித்து, பிறகு சத்தியெடுத்துக் கிடக்கிறவருக்கும் கீற்றோஅமிலத்துவம் வரும். வெறி தெளியட்டும் என்று திண்ணையில் படுக்கவிட்டால் விபரீதமாகலாம். கர்ப்பிணிகளும் பட்டினி இருக்கக் கூடாது. பிள்ளை குளுக்கோஸை இழுப்பதால் அவர்களுக்குக் கீற்றோன் விரைவாக ஏறும். ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்த விசயம். இரண்டு மூன்று குட்டி சுமக்கிற ஆடு கடைசி மாதத்தில் தீன் எடுக்காமல் சோர்ந்து விழுகிறதே, அதுவும் கீற்றோன் வருத்தம்தான்.

கீற்றோன் பார்க்கச் சிறுநீரில் தோய்க்கிற துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அசற்றோஅசற்றேற்றை மட்டும்தான் காட்டும். அமிலத்துவத்தில் மிக அதிகமாக ஏறுவது மற்றதான பீற்றா ஹைட்ரொக்சிபியூற்றிரேற். ஆகவே வருத்தம் கடுமையாக இருக்கும்போது துண்டு குறைத்துக் காட்டலாம். மருந்து வேலை செய்து ஆள் தேறும்போது ஒன்று மற்றதாக மாறுவதால் துண்டு கூடக் காட்டலாம். நோயாளியின் நிலையைப் பார்க்காமல் துண்டின் நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியடையவும் முடியாது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். ஐந்து நாள் கொஞ்சப் பாலும் பழமும் எடுத்தவருக்கு ஒரு பிளஸ் கீற்றோன் வந்தது எதிர்பார்த்ததுதான். சத்தியில்லை, மூச்சு வாங்கவில்லை, ஆள் நன்றாக நடந்து வந்திருக்கிறார். அது பட்டினிக் கீற்றோன்; நஞ்சில்லை. ஆனால் அந்த ஐந்து நாளும் அவர் கிளிக்ளசைட்டை வழக்கம்போலப் போட்டாரா? அதுதான் என் பயம். அந்தக் குளிசை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். வெறும் வயிற்றில் சீனி (ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில்) 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம். அப்போது கீற்றோன் வந்து மூளையைக் காக்கும் என்று நம்ப முடியாது. ஏனென்றால் அந்தக் குளிசை கூட்டிவிட்ட இன்சுலினே கீற்றோனையும் தடுக்கும். பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. தாதி ஏசியது அதற்காக என்றால் முழுக்க நியாயம்.

விரதத்தை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்த ஆறு நாள் என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த ஐப்பசி அமாவாசைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே கிளினிக்கில் சொல்லி, எந்தக் குளிசையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நோன்பு பிடிக்கிற முஸ்லிம் நோயாளிகளோடு நாங்கள் ஒவ்வொரு வருடமும் செய்வது இதைத்தான். தண்ணீர் குடிக்க வேண்டும். சீனி 70 க்குக் கீழே போனால் விரதம் அந்த இடத்தில் முடிந்தது. பாறணையன்று ஒரேயடியாகச் சோறு, பாயாசம், வடை என்று போகாமல் கஞ்சியில் தொடங்கட்டும்.

இனி அண்ணாவின் யோசனை. கீற்றோ சாப்பாடு புதுமோஸ்தர் இல்லை. 1921 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் வலிப்பு நோய்க்காக அதற்குப் பெயர் வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று பார்த்திருந்தார்கள். பட்டினி போடாமலே கீற்றோனை ஏற்ற முடியுமா என்று யோசித்துக் கண்ட வழி. 2008 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 145 பிள்ளைகளில், இந்தச் சாப்பாட்டில் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மற்றக் குழுவில் 6 சதவீதம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அது உண்மையான மருந்து. ஆனால் கிராம் கணக்கில் நிறுத்து, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கிற மருந்து.

இரண்டாம் வகை நீரிழிவுக்கு? மாச்சத்தைக் குறைத்தால் முதல் ஆறு மாதத்தில் சீனி நன்றாக இறங்குகிறது, குளிசை குறைகிறது. ஒரு வருடத்தில் மற்ற உணவுமுறைகளோடு உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, பெரும்பாலும் ஆட்களால் தொடர முடியாததால். எடை குறைவதுதான் இதில் பெரிய பங்கு. 2017 இல் வெளியான பிரித்தானிய டிரெக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களில் 46 சதவீதத்தினர் ஒரு வருடத்தில் குளிசையில்லாமல் சாதாரணச் சீனி அளவுக்கு வந்தார்கள். அங்கே கொடுத்தது கீற்றோ சாப்பாடு இல்லை, நாளுக்கு ஏறக்குறைய 850 கலோரி என்று குறைத்த உணவு.

கீற்றோன் ஏற வேண்டுமென்றால் மாச்சத்து நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு கப் சோற்றிலேயே 45 கிராம். வயலுக்குப் போய்வந்தவரின் கோப்பையில் மூன்று கப் இருக்கும். இடியப்பம், புட்டு, பாண், ஒடியல் எல்லாம் மாச்சத்துத்தான். குரக்கனும் அப்படித்தான், நார் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். "சீனிக்கு நல்லது" என்று குரக்கன் புட்டை இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவரை முழுக் கீற்றோவில் வைத்திருப்பது மிகக் கடினம். அம்மாவுக்கு அது தேவையும் இல்லை. பாதி வழி போகலாம். சோறு ஒரு கப், மிச்ச இடத்துக்கு மீன் அல்லது முட்டை, முருங்கையிலை, பொன்னாங்காணி, கத்தரிக்காய், கொஞ்சம் தயிர். பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம். இதில் கீற்றோன் பெரிதாக ஏறாது, ஆனால் சீனி இறங்கும். அதனால்தான் இதையும் கிளிக்ளசைட்டின் அளவைக் கேட்டுச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள், வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது, நீரிழிவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், அப்படியிருந்தால் புரதத்தைக் கண்டபடி கூட்ட முடியாது.

தேங்காயெண்ணெய் குடித்தால் கீற்றோன் ஏறும் என்பது நீட்டிச் சொன்ன கதை. சீக்கிரம் கீற்றோனாவது எட்டு, பத்துக் கார்பன் உள்ள சிறு கொழுப்பமிலங்கள். தேங்காயெண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்கு அளவுதான். பாதிக்குக் கிட்ட இருக்கிற லோரிக் அமிலம் பெரும்பாலும் மற்றக் கொழுப்பைப் போலவே நடக்கிறது. கெட்ட கொலஸ்ரரோலையும் அது ஏற்றும். கறிக்கு அளவாக விடட்டும், கரண்டியால் குடிக்க வேண்டாம்.

அந்தத் தூள், வெளியில் இருந்து கீற்றோனை ஊற்றுவது. சில மணித்தியாலத்துக்கு இரத்தத்தில் கீற்றோன் ஏறும், ஆனால் அம்மாவின் கொழுப்பில் இருந்து அல்ல. சொல்லப்போனால், அது ஏறும்போது உடம்பு தன் கொழுப்பை உடைப்பது குறையும். பெரும்பாலான தூள்கள் கீற்றோன் உப்புகள். சோடியம் நிறைய இருக்கும். அம்மாவுக்குப் பிரசர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அந்த டின்னைத் திறக்கவே வேண்டாம். எப்படியும் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது டின்னையும் மருந்துக் கொப்பியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் வைத்தியருக்கு முன்னால் வையுங்கள். அண்ணாவுக்கு ஏதாவது அனுப்ப ஆசையென்றால், சீனி பார்க்கிற மெசினும் அதற்கு ஆறு மாதத்துக்குக் காணக்கூடிய துண்டுகளும் அனுப்பட்டும்.